தெரிந்துகொள்ள மட்டும்

நேற்று நீங்கள் மேசைமேல் வைத்த பிஸ்கெட் பொட்டலத்தின் காலாவதித் தேதி ஜூலையோடு முடிந்திருந்தது, இபு ரத்ரி. பின்பக்கத்தில், மடிப்புக்குக் கீழே, சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பேசிக்கொண்டே நீங்கள் நான்கு சாப்பிட்டீர்கள். எனக்குத் தண்ணீர் போதும் என்றேன்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆஸ்பத்திரியை நடத்தும் அறக்கட்டளை அனுப்பிய விசாரணை அதிகாரி நீங்கள், படிப்பதுதான் உங்கள் தொழில். அப்படிப்பட்டவரும் படிப்பதில்லை என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன். சுரபாயாவின் இந்த ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் உரிமங்களையும் ஒப்பந்தங்களையும் கவனித்து நான் கற்றது இது ஒன்றுதான்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி ஏற்றிய ரத்தம் உடம்புக்குச் சேராமல் மறுநாள் மாலை இபு சுமியார்த்தி என்கிற அம்மா இறந்துபோனார். ஆய்வகத்தில் வேலை பார்த்த வெனிங், நோயாளியின் ரத்தத்தில் கண்டுபிடித்த எதிர்ப்பொருளைக் கணினியில் ஏற்ற மறந்ததால் வந்த வினை என்கிறது ஆஸ்பத்திரியின் அறிக்கை. ஏழு பக்க அறிக்கை. முதல் பக்கத்தில் இறந்தவரின் வயதே தப்பு. அவருக்கு ஐம்பத்தெட்டு, ஐம்பத்தைந்து இல்லை. மீதி ஆறு பக்கங்களும் அதே லட்சணம்தான். அந்தப் பெண்ணை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அவள் மறக்கவில்லை. அவள் ஏற்றியபோது நான் அவள் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

முறையாக முதலிலிருந்து சொல்கிறேன்.

பதினோரு வருடத்துக்கு முன் ஆய்வகத்துக்கும் ரத்த வங்கிக்கும் சேர்த்து ஒரு மென்பொருள் வாங்கினோம். பதிவுகள் எல்லாம் தங்கும் தரவுத்தளம் அதோடு ஒரே பொட்டலமாக வந்தது. தரவுத்தளத்தைத் தனியாக வாங்கினால் ஒரு மாதிரி உரிமம், பொட்டலத்தோடு வந்தால் வேறு மாதிரி. பொட்டலத்தோடு வருவது மலிவு, ஆனால் கட்டுப்பாடு அதிகம். அந்த ஒரு மென்பொருளுக்குத்தான் அது உழைக்க வேண்டும். ஆஸ்பத்திரியின் சொந்தக் கட்டடத்தில், சொந்த எந்திரத்தில்தான் ஓட வேண்டும். எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் சோற்றோடு சம்பால் வைக்கிறார்கள். அங்கேயே உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் தொட்டுக்கொள்ளலாம், கிண்ணத்தோடு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் வேண்டாம். ஆனால் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் இது புரியவில்லை.

ஒப்பந்தத்தில் ஆஸ்பத்திரியின் உரிமப் பொறுப்பாளர் என்று என் பெயர்தான் இருக்கிறது. நாற்பத்தாறு பக்கம், மூன்று பிரதிகள். நம் வழக்கப்படி ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு முன் முடித்தாக வேண்டும் என்று மென்பொருள் நிறுவனத்தின் ஆள் பலகாரப் பெட்டியோடு எதிரே காத்துக்கொண்டிருந்தார். நூற்று முப்பத்தெட்டுச் சுருக்கொப்பங்களை நாற்பது நிமிடத்தில் போட்டேன். ஒன்றில்கூட மை கலையவில்லை. இன்றைக்கு யார் அப்படிச் செய்கிறார்கள்.

சென்ற வருடம் ஜகார்த்தாவிலிருந்து கணினிப் பிரிவுக்கு காலாங் என்கிற தலைவன் வந்தான். வயது முப்பத்து மூன்று. காலுறை இல்லாமல் காலணி போடுகிறவன். வந்த வாரத்திலேயே எல்லோருக்கும் மார்த்தாபாக் வாங்கிக் கொடுத்தான், எனக்கும் இரண்டு துண்டு. அது போதுமே நம் ஆட்களுக்கு, தலையில் தூக்கிவைத்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியின் எந்திரங்கள் எல்லாம் பழசு, எல்லாவற்றையும் கிளவுடுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றான். வேறொருவன் கட்டடத்தில், வேறொருவன் எந்திரத்தில், மாத வாடகைக்குக் குடியிருப்பது. அதற்கு மேகம் என்று பெயர் வைத்ததும் இயக்குநர் டாக்டர் ஹெர்லினா உட்பட எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

என் மேசையைத் தண்ணீர் எந்திரத்துக்குப் பக்கத்தில் நகர்த்தியது அவன்தான். இடம் போதவில்லையாம். எனக்கு 'பாக் பாசல்' என்று பெயர் வைத்ததும் அவன் ஆட்கள்தான். பாசல் என்றால் சட்டப்பிரிவு. ஐயா சட்டப்பிரிவு. பிறகு என் முகத்தை வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கினார்கள். கண்ணாடி மூக்கு நுனியில் நிற்க, கீழே 'முதல்ல படிங்க' என்று எழுதியிருக்கும். மதியச் சாப்பாடு எங்கே என்று யாராவது கேட்டால் அதைப் போடுவார்கள். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றாலும் அதையே போடுவார்கள். குழுவில் நானும் இருக்கிறேன் என்பதுகூட அவர்களுக்கு நினைவில்லை. எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் இந்த வாக்குமூலத்தில் முதல் பொய் அதுவாகிவிடும்.

பிப்ரவரியில் இடமாற்றக் கூட்டம் நடந்தது. பொட்டல உரிமத்தை விளக்கி நான்கு பக்கக் குறிப்பு ஒன்றைத் தயாரித்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். சொந்த எந்திரத்தில்தான் ஓட வேண்டும் என்கிற ஒன்பதாம் பிரிவைக் கோடிட்டு வைத்திருந்தேன். கோப்பைத் திறந்தேன், அவ்வளவுதான்.

"ஐயோ, பாக் பாசல் கோப்பத் தொறந்துட்டாரு. யாராச்சும் மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லிடுங்கப்பா, சாயங்காலம்தான் விடுவாரு" என்றான் காலாங்.

சிரித்தார்கள். டாக்டர் ஹெர்லினாவும் சிரித்தார். நான் கோப்பை மூடினேன்.

"சும்மா சொன்னேன் பாக், கோச்சுக்காதீங்க" என்றான். "ஒரே ஒரு கேள்வி. ஆய்வக டேட்டாபேஸ் நம்மளதுதானே? பதினோரு வருஷமா ஓடுதே. அப்படியே தூக்கிட்டுப் போயிடலாம்ல?"

"உரிமம் ஆஸ்பத்திரி பேர்லதான் இருக்கு, மாஸ்" என்றேன், மரியாதை குறையாமல்.

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவன் கேட்டது இரண்டு கேள்வி. நான் ஒன்றுக்குப் பதில் சொன்னேன். மற்றதற்குப் பதில் வரவில்லை என்பதை அந்த அறையில் ஒருத்தி மட்டும் கவனித்தாள். வெனிங். கூட்டம் முடிந்ததும் பின்னாலேயே வந்தாள்.

"பாக், அந்தக் குறிப்ப எனக்குக் குடுங்களேன். நானாவது படிக்கிறேன்."

"உங்களுக்கு எதுக்கு எம்பாக் வெனிங், ரத்த மாதிரிக் குப்பிகளைப் பாருங்க" என்றேன். அவள் நல்ல பெண்தான். ஆனால் இரக்கப்பட்டுப் படிக்கிறவர்களுக்காக நான் எழுதுவதில்லை.

மே பதினேழு, சனிக்கிழமை காலை, தரவுத்தளம் இடம் மாறியது. பெரிய மஞ்சள் சோற்றுக் கூம்பு வைத்து விருந்து. டாக்டர் ஹெர்லினா கூம்பின் உச்சியை வெட்டி காலாங்கின் தட்டில் வைத்தார். படம் எடுக்க யாரோ என் கையில் தொலைபேசியைத் திணித்தார்கள். எடுத்துக் கொடுத்தேன். எல்லோர் முகமும் தெளிவாக விழுந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து, தரவுத்தள நிறுவனத்திடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அவர்களுடைய தரவுத்தளம் தான் எந்த எந்திரத்தில் இருக்கிறது என்பதைத் தானே பார்த்துக்கொள்ளும். அந்நிய எந்திரம் என்று கண்டால் தொண்ணூறு நாள் பொறுக்கும். அதன் பிறகு பழைய பதிவுகளைக் காட்டும், புதியதை ஏற்காது. ஆகஸ்ட் பதினைந்து காலை பத்து மணி என்று நேரத்தோடு போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி என்பதால் ஒரு சலுகையும் இருந்தது. கடிதத்தோடு ஒரு சீட்டு. அதில் பதினாறு எழுத்துக் குறியீடு. அதை உள்ளிட்டால் இன்னும் அறுபது நாள் கிடைக்கும், அதற்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். நல்ல மனிதர்கள். எழுத்துப் பிழை இல்லாத கடிதம்.

நம் ஆஸ்பத்திரிக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தின் மேலும் மஞ்சள் சீட்டு ஒன்று குத்துவோம், உங்களுக்கும் தெரியும். 'நடவடிக்கைக்கு', 'கலந்து பேச', 'தெரிந்துகொள்ள' என்று மூன்று கட்டங்கள். இயக்குநர்தான் படித்துவிட்டுக் கட்டத்தில் குறி போட வேண்டும். ஆனால் டாக்டர் ஹெர்லினாவுக்கு நேரம் கிடையாது, அதனால் நாங்களே குறி போட்டுக் கொண்டுபோவோம், அவர் சுருக்கொப்பம் மட்டும் வைப்பார். நான் 'தெரிந்துகொள்ள' என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

அவர் ஒரு கையால் கெருப்புக் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இன்னொரு கையால் ஒப்பமிட்டுக்கொண்டிருந்தார். முப்பது கடிதங்கள் இருக்கும். இதன்மேல் பேனா ஒரு கணம் நின்றது.

"இது என்ன பாக், முக்கியமா?"

"தெரிஞ்சுக்கிறதுக்கு மட்டும், டாக்டர்."

"அப்ப சரி." ஒப்பமிட்டார். தாளின் ஓரத்தில் எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது.

கடிதத்தை எண்ணிட்டு ஏழாம் கோப்பில் போட்டேன். மறைக்கவில்லை. தண்ணீர் எந்திரத்துக்குப் பக்கத்து அலமாரி, பூட்டே இல்லாதது. தினமும் இருபது பேர் அங்கே வந்து நின்று தண்ணீர் பிடித்தார்கள். குறியீட்டுச் சீட்டை மட்டும் மடித்து என் அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டேன். எழுபத்தெட்டு நாள் அது என் கழுத்தில் தொங்கியது.

நான் நினைத்தது ரொம்பச் சாதாரணமானது. பத்து மணிக்குத் திரைகள் எல்லாம் பிழை காட்டும். ஆய்வகம் கூச்சல் போடும். காலாங் வேர்த்து விறுவிறுத்து என் மேசைக்கு ஓடி வருவான். "பாக், என்ன பண்றது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பான். "முதல்ல படிங்க, மாஸ்" என்று சொல்லி ஏழாம் கோப்பை நீட்டுவேன். அவன் படித்து முடித்த பிறகு சீட்டைக் கொடுப்பேன். மொத்தம் கால் மணி நேரம். இதில் யாரும் சாகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. நல்ல பாத்திக் சட்டையாக எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். சுதந்திர தினத்துக்கு இரண்டு நாள் முன்பு என்பதால் வாகன நிறுத்தத்தில் சிவப்பு வெள்ளைத் தோரணம், விளையாட்டுப் போட்டிகள். பத்து மணிக்கு நான் மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. பத்தேகாலுக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கணினிப் பிரிவின் தலைவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கயிற்றில் தொங்கும் கெருப்புக்கை வாயால் எட்டிக் கடித்துக்கொண்டிருந்தான். இயக்குநர் கைதட்டிக்கொண்டிருந்தார். இவர்களிடம்தான் ஒரு ஊரின் ரத்தம் இருக்கிறது.

ஆய்வகத்துக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே கூச்சலும் இல்லை, குழப்பமும் இல்லை. இடம் மாறியதிலிருந்து எச்சரிக்கைகள் அடிக்கடி வந்து தொந்தரவாக இருக்கிறதென்று காலாங்கின் ஆட்கள் அவற்றை அணைத்து வைத்திருந்தார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர்களுடைய அலட்சியத்தின் ஆழம் எனக்கே தெரிந்திருக்கவில்லை. தரவுத்தளம் எதையும் ஏற்கவில்லை, ஆனால் திரை 'பதிவானது' என்று பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது.

வெனிங் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மற்றவர்கள் போட்டிக்குப் போய்விட்டார்கள்.

"நீங்க போகலையா பாக்?" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எனக்கெதுக்கு அதெல்லாம். யாருக்கு இது?"

"மூணாவது வார்டு இபு சுமியார்த்தி. போன வருஷம் வந்தப்ப ஒண்ணும் இல்ல. இப்ப ரத்தத்துல எதிர்ப்பொருள் வந்திருக்கு பாக். சாதாரண ரத்தம் ஏத்துனா அவ்வளவுதான், ஆளையே கொண்டுபோயிடும். தனியா பொருத்தம் பார்த்துத்தான் குடுக்கணும்." பொத்தானை அழுத்தினாள். பச்சை விழுந்தது. "அப்பாடா, ஏத்தியாச்சு. இனிமே ரத்த வங்கி பார்த்துக்கும்."

"அப்படியா" என்றேன்.

நான் அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று நேற்று இரண்டு முறை கேட்டீர்கள். ஒரு நிமிடம் இருக்கலாம். சீட்டு என் நெஞ்சின்மேல் இருந்தது. அதைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவள் காலாங்கைத் தொலைபேசியில் கூப்பிடுவாள். அவன் அங்கிருந்தபடியே, வாயில் அப்பளத்தோடு, குறியீட்டைப் போடச் சொல்லுவான். "டாங்க்ஸ், பாக் பாசல்" என்று ஒரு ஸ்டிக்கர் வரும். முடிந்தது கதை. கோப்பை யாரும் திறக்க மாட்டார்கள். அந்தப் பெண்ணும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். காலாங் தேடி வரும்போது நான் இடத்தில் இல்லாமல் போய்விடக் கூடாதே என்று மேசைக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

வெனிங் பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போனாள். ரத்த வங்கி பழைய பதிவைப் பார்த்தது. அதில் தடை எதுவும் இல்லாததால் கணினியே பொருத்தம் பார்த்துச் சரி என்றது. மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ரத்தம் ஏற்றினார்கள். இரண்டு பத்துக்கு நான் மேசையில்தான் இருந்தேன். மூன்றரைக்குத்தான் யாரோ பதிவுகள் ஏறவில்லை என்று கண்டுபிடித்தார்கள். காலாங் அப்போதும் என்னிடம் வரவில்லை. நேராகத் தரவுத்தள நிறுவனத்துக்குப் பேசி, மன்னிப்புக் கேட்டு, வேறொரு குறியீடு வாங்கிவிட்டான். அவனுக்கு அது ஆறு நிமிட வேலை.

இபு சுமியார்த்தியின் கோப்பை முழுதாகப் படித்தேன். வொனோகுரோமோ ரயில் நிலையத்துக்கு எதிரில், வாழையிலையில் அவித்த லொந்தோங் சோறு விற்றவர். இரண்டு பெண்கள். படிக்கத் தெரியாது, ஒப்புதல் படிவத்தில் கட்டைவிரல் ரேகை. இந்த விவகாரத்தில் படிக்காததற்கு நியாயமான காரணம் இருந்தது அவர் ஒருவருக்குத்தான்.

ஆஸ்பத்திரியின் விசாரணை வந்தபோது வெனிங் என் மேசைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நான் ஏத்துனேன் பாக். நீங்க பின்னாடிதான நின்னீங்க. பச்சை விழுந்துச்சுல்ல? ஒரு வார்த்தை சொல்லுங்க பாக், என்னைக் கொலைகாரிங்கறாங்க."

"நீங்க தட்டச்சு பண்றதப் பார்த்தேன், எம்பாக். எது பதிவாச்சுன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?"

இதுவும் உண்மைதான். அவள் குவளையில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டுப் போனாள். ஏழாம் கோப்பு அவள் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

அதன் பிறகு மூன்று மாதம் காத்திருந்தேன், யாராவது திறப்பார்கள் என்று. அறிக்கை வந்தது. 'மனிதத் தவறு, ஆய்வக ஊழியர்.' 'சிறு தொழில்நுட்பத் தடங்கல், உடனே சரிசெய்யப்பட்டது.' உரிமம் என்ற சொல்லே ஏழு பக்கத்தில் எங்கும் இல்லை. என் பெயரும் இல்லை. காலாங்கை அறக்கட்டளையின் மூன்று ஆஸ்பத்திரிகளுக்கும் சேர்த்துத் தலைவனாக்கிவிட்டார்கள். அதனால்தான் உங்கள் அலுவலகத்துக்கு நானே வந்தேன். மனசாட்சி உறுத்தியதா என்று கேட்டீர்கள். இல்லை, அறிக்கை தப்பாக இருந்தது. வெனிங்குக்கு வேலை திரும்பக் கிடைத்தால் கிடைக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இனி நேற்றைய கடைசிக் கேள்வி. நீங்கள் ஒப்பந்தத்தின் மூலப் பிரதியை எடுத்து நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பி என் முன் வைத்தீர்கள். பின்னிணைப்பு மூன்று. வாங்குபவர் ஆஸ்பத்திரியாக இருந்தால், தரவுத்தளத்தை வாடகை எந்திரத்துக்குக் கொண்டுபோகத் தடையில்லை. உரிமப் பொறுப்பாளர் ஒரு கடிதம் எழுதித் தெரிவித்தால் போதும், எந்திரச் சோதனையை அவர்களே நீக்கிவிடுவார்கள். அதாவது, காலாங் கேட்டதற்குச் சரியான பதில் 'கொண்டுபோகலாம்' என்பது. நான் ஒரு கடிதம் எழுதியிருந்தால் தொண்ணூறு நாளும் இல்லை, சீட்டும் இல்லை, எதுவும் இல்லை. இபு சுமியார்த்தி இப்போது லொந்தோங் விற்றுக்கொண்டிருப்பார்.

"இந்தப் பக்கத்தை நீங்க படிச்சிருக்கீங்களா பாக்?" என்று கேட்டீர்கள். உங்கள் அறையில் வெளிச்சம் போதவில்லை. எழுத்துகள் கொஞ்சம் புதிதாகத் தெரிந்தன. யோசித்து எழுதுகிறேன் என்றேன்.

காலையிலிருந்து யோசித்துவிட்டேன். படிக்கவில்லை என்று எழுதிக் கொடுங்கள், கவனக்குறைவு என்று ஆகிவிடும், தண்டனை பாதியாகக் குறையும் என்கிறார் என் வக்கீல். அவரும் மற்றவர்களைப் போலத்தான், மேலோட்டமாகப் பார்க்கிற ஆள். பக்கத்தின் கீழ் மூலையைப் பாருங்கள், இபு ரத்ரி. என் சுருக்கொப்பம் இருக்கிறது, மை கலையாமல். படிக்காத எதிலும் நான் ஒப்பமிட்டதில்லை. கொண்டுபோகலாம் என்று தெரிந்தேதான் அந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்தேன், தெரிந்தேதான் அந்தப் பெண்பிள்ளையின் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்று பதிவு செய்துகொள்ளுங்கள். கொலை என்றே எழுதுங்கள். படிக்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.